நாலு கிலோ பருத்திக்கு ஒரு மூட்டை யூரியா

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றின் விலை, வரி, வேப்பெண்ணெய்ப் பூச்சு எல்லாம் சேர்த்து 266 ரூபாய் 50 காசு. பருத்தியைக் கிலோ 70 ரூபாய்க்கு விற்கிற விவசாயி நாலு கிலோ விற்றால் ஒரு மூட்டைக்கான காசு வந்துவிடும். ஏக்கருக்கு ஐந்து குவிண்டால் எடுப்பவருக்கு நாலு கிலோ என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு மூட்டை போட்டால் அந்த நாலு கிலோ கூடுதலாக வருமா என்று அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. வராவிட்டாலும் பெரிய நட்டம் கிடையாது. போடாமல் விட்டு, பக்கத்துக் காட்டுச் செடி கருகருவென்று நிற்க, தன் செடி மட்டும் வெளிறி நின்றால் அதைத் தினமும் பார்ப்பதுதான் கஷ்டம்.

பருத்தியில் உரம் அளவுக்கு மீறிப் போகிறது என்று பேசும்போதெல்லாம் விவசாயிக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த விலைக்கும் இந்த மழைக்கும் அவர் போடுகிற கணக்கு சரியான கணக்குதான். மூட்டையின் மீதி விலையை வேறு பலர் வேறு இடங்களில் கொடுக்கிறார்கள். கொஞ்சத்தை அவரே, வேறு கணக்கில், பிற்பாடு கொடுக்கிறார்.

முதலில் மூட்டைக்குள் இருப்பதைப் பார்ப்போம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோவில் 20.7 கிலோ. இதில் எவ்வளவு பருத்தியோடு சேர்ந்து காட்டைவிட்டு வெளியே போகிறது? பஞ்சில் தழைச்சத்து அநேகமாக இல்லவே இல்லை. பஞ்சு என்பது செல்லுலோஸ். காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் தண்ணீரையும் வைத்து வெயிலில் செடி நூற்றெடுத்த பொருள். தழைச்சத்து போய் உட்காருவது கொட்டையில். 100 கிலோ பருத்தியை அரைத்தால் 34 கிலோ வாக்கில் பஞ்சு வரும். மீதியில் பெரும்பங்கு கொட்டை. கொட்டையில் சுமார் மூன்றரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தால், ஒரு குவிண்டால் பருத்தி மண்ணிலிருந்து எடுத்துப்போவது இரண்டேகால் கிலோவைச் சுற்றி. ஏக்கருக்கு ஐந்து குவிண்டால் விளையும் மானாவாரிக் காட்டிலிருந்து போவது 11, 12 கிலோ. அரை மூட்டை யூரியாவைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

செடிக்கு இலை, தண்டு, வேர் எல்லாம் வளர்க்க இதைப்போல இரண்டு மூன்று மடங்கு தேவை என்பது உண்மை. உதிர்ந்த இலையும் வேரும் அந்த மண்ணுக்கே திரும்புவதால் அதை நட்டக் கணக்கில் எழுத முடியாது.

பழைய ஏற்பாட்டில் கொட்டையும் திரும்பி வந்தது. ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டி மாட்டுக்கு வைப்பார்கள். மதுரைத் தெருக்களில் இன்றும் சுக்கு, கருப்பட்டி மணத்தோடு விற்கிற பருத்திப்பால் அந்தக் கொட்டையின் பால்தான். மாடு தின்ற கொட்டை சாணமாகிக் குப்பைமேட்டுக்குப் போகும், குப்பை வண்டியேறிக் கரிசலுக்குப் போகும். பருத்திமார் அடுப்பில் எரியும், அதன் சாம்பலும் குப்பைக்கே வரும். சாம்பல்சத்துக்கு, அதாவது பொட்டாசியத்துக்கு, அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். கோடையில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ஆக, காட்டைவிட்டு நிஜமாகவே வெளியே போனது பஞ்சு மட்டும். இப்போது கொட்டை எண்ணெய் ஆலைக்கும், புண்ணாக்கு எங்கோ இருக்கும் பால் பண்ணைக்கும் போகிறது. உழவு மாடு இருந்த இடத்தில் டிராக்டர் நிற்கிறது. அறுந்துபோன அந்த வட்டத்தின் இடத்தைத்தான் மூட்டை பிடித்திருக்கிறது.

செடியும் மாறிவிட்டது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் விளைந்த கருங்கண்ணி ஆழமாக வேர்விடும், வறட்சியைத் தாங்கும், உரம் கேட்காது. விளைச்சல் குறைவு, இழையும் குட்டை. இன்றைய நூற்பாலைகளுக்கு அது ஆகாது. 1970இல் சூரத் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எச்-4 என்ற முதல் வீரிய ஒட்டுப் பருத்தியில் தொடங்கி, 2002இல் அனுமதி பெற்ற, மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வரை வந்த செடிகள் வேறு மாதிரியானவை. போட்டால் கொடுக்கும். இறவைப் பாசனத்தில் வீரிய ஒட்டு ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிவரும் அளவு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 120, 60, 60 கிலோ. ஏக்கர் கணக்கில் தழைச்சத்து 48 கிலோ. அவ்வளவையும் யூரியாவிலேயே கொடுத்தால் இரண்டேகால் மூட்டைக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் நிச்சயமாக இருக்கும் காட்டுக்கு இது நியாயமான அளவு. இந்தியப் பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

உரத்தால் விளைச்சல் கூடியது என்பதை மறுக்க முடியாது. 2000களின் தொடக்கத்தில் நாட்டின் சராசரி ஹெக்டேருக்கு 300 கிலோ பஞ்சு. 2007-08இல் அது 550ஐத் தாண்டியது. அந்த ஏற்றம் முழுவதையும் பி.டி. விதையின் கணக்கில் எழுதுவோர் உண்டு. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கே.ஆர். கிராந்தியும் மானுடவியலாளர் கிளென் டேவிஸ் ஸ்டோனும் 2020இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை வேறு மாதிரி சொன்னது. அதே ஆண்டுகளில் பருத்திக்குப் போன உரம் வேகமாகக் கூடியது, பாசனமும் புதிய பூச்சிக்கொல்லிகளும் சேர்ந்துகொண்டன, விளைச்சல் உயர்வு அவற்றோடு ஒட்டிப் போகிறது என்பது அவர்கள் வாதம். இதை ஏற்காத பொருளாதார அறிஞர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதற்குப் பின்னால் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. உரம் குறையவில்லை, விளைச்சல் மட்டும் தேங்கி, பிறகு இறங்கி, அண்மை ஆண்டுகளில் 450 கிலோவை ஒட்டியே நிற்கிறது. முதல் மூட்டைக்குக் கிடைத்த பலன் மூன்றாவது மூட்டைக்குக் கிடைக்காது. அதுவும் மற்ற சத்துகள் குறைந்த மண்ணில் சுத்தமாகக் கிடைக்காது.

ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் பெரம்பலூர் பக்கம் போய்ப் பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் ஊன்றிய பருத்தி முழங்கால் உயரம் நிற்கும். கரிசல் காலில் அப்பிக்கொள்ளும். இடுப்பில் அன்னக்கூடையோடு பெண்கள் வரிசை வரிசையாக நடப்பார்கள். செடிக்குச் செடி கொஞ்சம் யூரியா. தூரில் விழாமல் ஒரு சாண் தள்ளி. பக்கத்தில் ஒருவர் களைக்கொத்தால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே வந்தால் அது நல்ல வேலை. ஆள் கிடைக்காத நாளில் வீசிவிட்டுப் போய்விடுவார்கள். ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும், ஊர் முழுக்க அதே நாளில் ஆள் தேடுகிறது. கடையிலும் அன்றைக்குத்தான் கூட்டம். யூரியா கேட்டால் கூடவே இன்னொரு பொருளையும் வாங்கச் சொல்லும் கடைகளைப் பற்றிய புலம்பல் அந்த வரிசையில் நின்ற யாரைக் கேட்டாலும் வரும்.

மூடியதற்கும் வீசியதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. ஈரமண்ணில் விழுந்த யூரியாவை மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி சில நாளில் உடைத்துவிடும். அது அம்மோனியாவாகும். கரிசல் பெரும்பாலும் காரத்தன்மை உள்ள மண். அப்படிப்பட்ட மண்ணின் மேற்பரப்பில் உருவாகும் அம்மோனியா அங்கேயே நிற்காது, காற்றோடு போய்விடும். இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் மூடியிருந்தால் அதில் பெரும்பகுதியை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். 2015 முதல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக இருக்கிறது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை அது தாமதப்படுத்தும். ஆவியாகிப் போவதைத் தடுப்பதில் அதை நம்ப முடியாது. அதற்குக் களைக்கொத்துதான் மருந்து.

அடுத்து நைட்ரேட். தண்ணீரோடு எங்கும் போகக்கூடியது இது. சேலம், ஆத்தூர் பக்கத்துச் செம்மண் போன்ற இளகிய மண்ணில் கனமழை பெய்தால் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். கரிசலில் தண்ணீர் எளிதில் இறங்காது, தேங்கும். தேங்கிய மண்ணில் காற்று இல்லாததால் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டையே மூச்சுக்குப் பயன்படுத்தி வாயுவாக வெளியே விடும். அதில் பெரும்பகுதி நம்மைச் சுற்றியிருக்கும் நைட்ரஜனாகவே திரும்பிப்போகும். ஒரு சின்னப் பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல சுமார் 273 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும் வாயு அது. உலக அளவில் கணக்குப் போடுவோர் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவு, போட்ட தழைச்சத்தில் நூற்றுக்கு ஒன்று. அதன்படி ஒரு மூட்டை யூரியாவுக்கு ஏறத்தாழ 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூடு. 38 லிட்டர் பெட்ரோல் எரிப்பது போல. மணலியிலோ தூத்துக்குடியிலோ அந்த யூரியாவைச் செய்ய எரித்த இயற்கை எரிவாயு இதில் சேரவில்லை.

எல்லா இழப்பையும் கூட்டிக் கழித்தால், போட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. நன்றாகப் பார்த்துச் செய்த காட்டில் பாதி, வீசிவிட்டு வந்த காட்டில் அதற்கும் கீழே.

கிணற்றுத் தண்ணீருக்கு வருவோம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய வரம்பு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கையில், நாடு முழுக்க எடுத்த மாதிரிகளில் ஐந்தில் ஒன்று இந்த வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 37 சதவீத மாதிரிகள். பழியெல்லாம் பருத்திக்கும் யூரியாவுக்கும் என்று சொல்ல முடியாது. கழிவறைக் குழிகளும் மாட்டுத் தொழுவமும் சாக்கடையும் அதே நைட்ரேட்டைத்தான் இறக்குகின்றன. ஆனால் காட்டுக்கிணற்றிலிருந்தே குடிக்கும் வீடுகளில், அந்தத் தண்ணீரில் பால்மாவு கலக்கிக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில் வித்தியாசம் ஏதும் இல்லை. நைட்ரேட் கூடினால் குழந்தையின் ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கும் தாய்மார்களிடம் இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

விவசாயி பிற்பாடு கொடுக்கும் பங்கு என்று மேலே சொன்னேன். அது பூச்சிமருந்துக் கடையில் போகிறது. தழைச்சத்து கூடிய செடி இளசாக, சாறு நிறைந்து, அடர்ந்து நிற்கும். தத்துப்பூச்சிக்கும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பி.டி. விதைக்குள் இருப்பது காய்ப்புழுவுக்கான மருந்து. இந்தச் சாறு உறிஞ்சிகளை அது ஒன்றும் செய்யாது. இலை அடர்ந்த செடியில் அடிக்காய்க்கு வெயிலும் காற்றும் படாமல் அழுகும். வளர்ச்சி நீண்டுகொண்டே போவதால் காய் வெடிப்பது தள்ளிப்போகும். தள்ளிப்போன பருத்தி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிடம் மாட்டிக்கொள்ளும், அது பி.டி.யைத் தாங்கப் பழகிவிட்ட புழு. 266 ரூபாய் மூட்டை இப்படி இரண்டு மூன்று தடவை மருந்தடிப்புச் செலவை இழுத்துவிடும்போது அதை யாரும் உரக்கணக்கில் எழுதுவதில்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காரணங்கள் பல. செடி அந்த வருடம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றதால் அடித்த மருந்து முகத்திலேயே விழுந்தது என்பதும் அப்போது பேசப்பட்டது.

சரி, அரசு கொடுக்கும் பங்கு எவ்வளவு? 2023இல் மத்திய அரசே சொன்ன கணக்குப்படி 45 கிலோ யூரியாவின் அசல் விலை 2,200 ரூபாய் வாக்கில். உக்ரைன் போரால் விலைகள் ஏறிய 2022-23இல் மொத்த உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. அந்தச் சுமையை விவசாயியின் தலையில் இறக்காதது நல்ல காரியம்தான். ஆனால் மானியம் கொடுத்த விதத்தில் ஒரு கோணல் இருக்கிறது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது மணிச்சத்துக்குப் போடும் டி.ஏ.பி.யும் சாம்பல்சத்துக்குப் போடும் பொட்டாஷும் அதற்குள் போயின, யூரியா வெளியே நின்றுவிட்டது. மற்றவற்றின் விலை ஏற, யூரியா விலை ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2009-10இல் நாட்டின் தழை, மணி, சாம்பல் சத்துப் பயன்பாடு 4.3க்கு 2க்கு 1 என்று இருந்தது. 2012-13இல் 8.2க்கு 3.2க்கு 1 ஆனது. மூன்றே வருடத்தில் மண்ணுக்குப் போகும் சாப்பாட்டையே ஒரு விலைப்பட்டியல் மாற்றிவிட்டது.

பருத்திக்கு இது எங்கே உறைக்கிறது என்றால், காய் பிடிக்கும் நேரத்தில். வீரிய ஒட்டுச் செடியில் காய்கள் ஒரே சமயத்தில் ஏறும். அப்போது செடி சாம்பல்சத்தையும் மெக்னீசியத்தையும் இலையிலிருந்து உருவி காய்க்கு அனுப்பும். மண்ணில் இருப்பு இல்லையென்றால் இலை சிவந்து, காய்ந்து, காய் பாதியில் நிற்கும். சிவந்த இலையைப் பார்த்ததும் கை போவது எதற்கு? யூரியாவுக்குத்தான். டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், பருத்திக் கணக்கில் 19 கிலோ. பொட்டாஷ் அதையும் தாண்டுகிறது, முழுக்க வெளிநாட்டிலிருந்து வருகிறது. நாலு கிலோவுக்கும் இருபது கிலோவுக்கும் நடுவில் நிற்கும் ஒருவர் எதை எடுப்பார் என்று கேட்கவே வேண்டாம். 2015இலிருந்து வரும் மண்வள அட்டை பொட்டாஷ் போடுங்கள் என்று சொல்கிறது, கடைப் பலகையில் எழுதியிருக்கும் விலை யூரியா போடுங்கள் என்கிறது.

அப்படியானால் உரத்தையே விட்டுவிடலாமா? இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்திப் பார்த்தது. நெல்லும் தேயிலையும் விழுந்தன, சில மாதத்தில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. இன்னும் நிதானமாகப் பார்க்க மத்தியப் பிரதேசத்தின் நிமார் சமவெளியில், கரிசலில், 2007 முதல் நடக்கும் ஒரு நீண்டகால ஒப்பீட்டு ஆய்வு இருக்கிறது. பருத்தி, சோயா, கோதுமை என்று மாறி மாறிப் போடுகிறார்கள், ஒரு பக்கம் இரசாயன உரத்தில், இன்னொரு பக்கம் இயற்கை முறையில். இரண்டு வருடம் ஓடிய முதல் சுழற்சியில் இயற்கை வயல் பருத்தியில் 29 சதவீதம் குறைவாகக் கொடுத்தது. அடுத்த சுழற்சியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. இரசாயன வயலின் விளைச்சல் இறங்கியதும் அதற்குக் காரணம். இயற்கை முறையில் செலவு குறைவு என்பதால் அந்த இரண்டாவது சுழற்சியில் கையில் நின்ற பணம் அந்தப் பக்கம்தான் கூடுதல். எனக்கு இதில் அந்த முதல் இரண்டு வருடம்தான் கண்ணில் நிற்கிறது. கடனில் ஓடும் குடும்பம் 29 சதவீதத்தை இரண்டு வருடம் விட்டுக்கொடுக்க முடியுமா?

நடுவழி இருக்கிறது, அது நம் ஊரில் புதிதும் இல்லை. தழைச்சத்தை அடியுரத்தில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து, சப்பை (மொட்டு) வைக்கும் சமயத்திலும் பூக்கும் சமயத்திலும், ஈரம் பார்த்துப் போடுவது. மழை வராவிட்டால் மூன்றாவது தவணையைப் போடாமலே விடுவது. மானாவாரியில் மிச்சம் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. வரிசைக்கு நடுவே உளுந்தோ பாசிப்பயறோ ஊன்றுவது. செடி போதுமான உயரம் வந்ததும் நுனி கிள்ளுவது. பருத்திமாரை எரிக்காமல் தூளாக்கி மண்ணிலேயே விடுவது. அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது தொழு உரம்.

யூரியா விலையை ஏற்றி, அந்த மானியத்தை ஏக்கர் கணக்கில் விவசாயியின் கையிலேயே பணமாகக் கொடுத்துவிடலாம் என்று பொருளாதார அறிஞர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் அவர் பொட்டாஷ் வாங்கலாம், குப்பை வாங்கலாம், களையெடுக்க ஆள் வைக்கலாம். கணக்குப்படி சரியான யோசனை. தெலங்கானா 2018இல் ரைத்து பந்து திட்டத்தில் ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 4,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அந்தப் பணம் பட்டா வைத்திருந்தவர்களுக்குப் போனது. குத்தகைக்கு ஓட்டியவர்களுக்குப் போகவில்லை. மானிய யூரியாவை யாரும் ஆதாரைக் காட்டி, விரலை வைத்து வாங்கிவிடலாம். குத்தகைதாரரின் கைக்கு ஒழுங்காக வந்து சேரும் ஒரே அரசு உதவி பல ஊர்களில் அந்த மூட்டைதான்.

அவரிடம் போய்த் தொழு உரம் போடுங்கள், மண் வளமாகும் என்று சொன்னால் மறுத்துப் பேசமாட்டார். அவருக்குத் தெரியாததா? ஆனால் ஒரு டிராக்டர் குப்பை அடித்தால் அதன் பலன் இரண்டு மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அடுத்த சித்திரையில் அந்தக் காடு அவரிடமே இருக்கும் என்பதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. யூரியா போட்டால் பத்து நாளில் இலை கறுக்கும்.